தொற்றுவதும் தொற்றாததும்

'ஒட்டுவாரொட்டி' என்றொரு சொல் தமிழில் வழங்கிவருகிறது. தன்னை ஒட்டுவாரை ஒட்டிக்கொள்ளும் நோய் என்பது அதன் பொருள். சொல்லழகில் குறையொன்றும் இல்லை. ஆயினும் நோயாளியைத் தொட்டாலே நோய் வந்துவிடும், அவர் உண்ட தட்டில் உண்டால் வந்துவிடும் என்னும் எண்ணத்தை மக்கள் உள்ளத்தில் ஆழப் பதித்ததில் இத்தகைய சொற்களுக்கும் பங்குண்டு. தொற்றுநோய்கள் யாவும் ஒரே வழியில் பரவுவன அல்ல. எது எவ்வழியில் வருகிறது என்று அறியாதபோது, அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சுகிறோம்; அஞ்ச வேண்டியவற்றை அண்டையில் வைத்துக்கொள்கிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இவ்வேறுபாட்டை விளக்க வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பயிலும் ஓர் ஆய்வு இம்மண்ணிலேயே நடந்தது. அதனை முன்வைத்துக் காசநோயைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியாசிரியர் மருத்துவம் பேசலாமோ என்று கேட்பார் இருக்கலாம். மருந்தெழுதும் உரிமை நமக்கில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்லும் கடமை உண்டு. வள்ளுவரும் 'மருந்து' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் அன்றோ!

பெயர் சொல்லாத செய்தி

காசநோய்க்கு நம்மிடையே பெயர்கள் பல. 'காசம்' என்பது இருமலைக் குறிக்கும் வடசொல். 'க்ஷயம்' என்றால் தேய்வு. உடல் மெலிந்து எலும்பு துருத்தி நிற்கும் நிலையைக் கண்டவர்கள் 'எலும்புருக்கி' என்றனர். கோழையைக் குறிக்கும் 'ஈளை' என்ற சொல்லும் இந்நோய்க்கு வழங்கியதுண்டு. இப்பெயர்கள் அனைத்தும் நோயாளியிடம் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கின்றனவே அன்றி, நோயை உண்டாக்கியது யாது என்று சொல்லவில்லை. அன்று சொல்லவும் இயலாது. அதனைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக். 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் அறிஞர் கூட்டத்தில் அவர் அதனை அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாக நினைவுகூரப்படுகிறது.

'கிருமி' என்னும் சொல்லும் ஒருகாலத்தில் கண்ணுக்குத் தெரியும் புழுவையே குறித்தது. வைணவ மரபு ஒரு சோழ மன்னனைக் 'கிருமிகண்ட சோழன்' என்று அழைக்கிறது. கழுத்தில் புழு வைத்தவன் என்பது கருத்து. பாரசீகத்திலும் உருதுவிலும் புழுவைக் 'கிர்ம்' என்பர். வடமொழிச் சொல்லுக்கு அது உடன்பிறப்பு. நுண்ணோக்கி வந்த பின்னரே அப்புழு சுருங்கிக் காணா உயிர் ஆயிற்று.

அக்காணா உயிர்களுள்ளும் வகை உண்டு. பாக்டீரியா தானே உண்டு தானே பெருகும் ஓரணு உயிர். வைரஸ் அதனினும் மிகச் சிறிது. நம் உயிரணுவுக்குள் புகுந்தாலன்றி அதனால் பெருக இயலாது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரண நீர்க்கோவைக்கும் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு நிற்பவர்கள் இதனை நினைவில் கொள்வது நலம். மலேரியாவை உண்டாக்குவது இவ்விரண்டும் அல்லாத வேறோர் ஒட்டுண்ணி. அது கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டார். காலரா குடிநீரின் வழியே வருவது. டெங்கு பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவின் வழியே வருவது. மலேரியா நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு நாள் முழுதும் அமர்ந்திருந்தாலும் கையின் வழி மலேரியா வாராது. 'தொற்று' என்ற ஒரே சொல்லின் கீழ் இத்தனை வழிகள் அடங்கியுள்ளன.

மெழுகுப் போர்வை

காசநோய்க் கிருமி ஒரு பாக்டீரியா. சிறு கோல் வடிவினது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு முதல் நான்கு கூறு அளவே. இதன் தனித்தன்மைகள் இரண்டு. அவற்றை அறிந்துகொண்டால் இந்நோயைப் பற்றிய ஏனைய செய்திகள் தாமே விளங்கும்.

முதலாவது, இதன் மேலுறை. மெழுகு போன்ற கொழுப்புப் பொருளால் ஆன தடித்த போர்வையை இக்கிருமி போர்த்தியிருக்கிறது. நம் உடலின் காவல் அணுக்கள் இதனை விழுங்கிவிடினும் எளிதில் செரிக்க இயலுவதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே இது ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கிடக்கும். இரண்டாவது, இதன் சோம்பல். நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் தக்க சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிளவுபட ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மருந்துகள் பல, கிருமி பெருகும் வேளையில் தாக்குவதில் வல்லவை. உறங்கும் பகைவனை வெல்ல நெடுநாள் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் மாத்திரை உண்ண வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இனி இது பரவும் வழி. நுரையீரலில் நோய் முற்றியவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் நுண்துளிகள் வெளிப்படுகின்றன. பெருந்துளிகள் தரையில் விழுந்துவிடும். ஈரம் உலர்ந்த மிகச் சிறு துகள்களோ காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றை மற்றவர் மூச்சில் இழுத்தால் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஆகவே இது காற்றின் வழி வரும் நோய். தட்டு, குவளை, பாய், போர்வை, கைகுலுக்கல் ஆகியவற்றின் வழி பரவுவதன்று. வெயிலும் காற்றோட்டமும் இதற்குப் பகை. சன்னல் அடைத்த அறை இதற்கு உற்ற துணை.

கிருமி புகுந்தவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை என்பதும் அறியத்தக்கது. பத்துப் பேருடைய உடலில் இக்கிருமி புகுந்தால், வாழ்நாள் முழுவதிலும் அவர்களுள் ஒருவர் நோயுறலாம், அதுவும் உறுதியில்லை. ஏனையோர் உடலில் அது உறங்கியே கிடக்கும். உணவுக் குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி., புகை, மது ஆகியவை அதனைத் துயிலெழுப்புகின்றன.

மலைக்காற்றும் மாத்திரையும்

மருந்து தோன்றாத காலத்தில் நல்ல காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகிய மூன்றே மருத்துவமாக இருந்தன. அந்நாளில் டாக்டர் சவுரி முத்து அவர்கள் 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்குச் 'சானடோரியம்' என்றே பெயர். ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் முதலிய மருந்துகள் 1940-களிலும் 1950-களிலும் வந்தன. ஆயினும் இத்தனை நோயாளிகளுக்கும் படுக்கை ஏது? வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் நோய் வீட்டாருக்குப் பரவாதா?

இக்கேள்விக்கு விடை தந்தது சென்னை. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தவர்களுக்கு ஊட்டமும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. எனினும் ஓராண்டின் முடிவில் குணம்பெற்றவர் அளவு இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959-இல் இம்முடிவு வெளியாயிற்று. அதனினும் வியப்பானது பின்னர் வந்த செய்தி. வீட்டில் மருந்துண்ட நோயாளியின் உறவினருக்கு, சானடோரியம் சென்றவரின் உறவினரைவிட மிகுதியாக நோய் வரவில்லை. பரவவேண்டியது மருந்து தொடங்குமுன்பே பரவிவிடுகிறது. மருந்து உள்ளே சென்றபின் கிருமியின் வீச்சு விரைந்து அடங்கிவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இச்சென்னை ஆய்வு ஒரு பெருங்காரணம். அம்மையமே வளர்ந்து, இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

திருவள்ளூர் மண்ணில்

மருந்து நோய் வந்தபின் வேண்டுவது. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டா? பிரான்சு நாட்டின் கால்மெட், கேரன் என்னும் இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தனர். அதுவே பி.சி.ஜி. 1948-இல் சென்னைக் கிண்டியில் அதற்கோர் ஆய்வுக்கூடம் அமைந்தது. பின்னர் நாடு தழுவிய இயக்கமும் தொடங்கியது. 1955-இல் இராஜாஜி அவர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார் என்பது இன்றைய மாணவர்க்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். அவர் அச்சங்கள் எல்லாம் சரியானவை அல்ல. ஆனால் இத்தடுப்பூசி இந்நாட்டில் எந்த அளவுக்குக் காக்கிறது என்ற கேள்விக்கு அன்று உறுதியான விடை இல்லை என்பது மெய். பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய ஆய்வு, பள்ளிப் பருவம் முடிந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நோயை அது தடுத்ததாகக் காட்டியது. அமெரிக்காவில் நடந்த வேறு சில ஆய்வுகளோ பயன் மிகக் குறைவு என்றன.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட களம், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவள்ளூர் வட்டாரம். ஆகையால்தான் நூல்களில் அது 'செங்கல்பட்டு ஆய்வு' என்றே வழங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நல நிறுவனம், அமெரிக்கப் பொதுநலத் துறை ஆகிய மூன்றும் இணைந்து 1968-இல் தொடங்கின. 209 ஊராட்சிகளிலும் சில நகர்ப்பகுதிகளிலும் வீடுவீடாகச் சென்று ஏறத்தாழ 3,66,000 பேரைப் பதிவு செய்தனர். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு முழு அளவு, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. எவருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்-ரே கருவியுடன் ஊர்ஊராகச் சென்று, ஐயத்துக்குரியவர்களின் சளியைச் சோதித்தனர். இவ்வாறு பதினைந்து ஆண்டுகள்!

முடிவு அறிஞர்களைத் திகைக்கச் செய்தது. ஏழரை ஆண்டுக் கணக்கு வெளியானபோதே பெரியவர்களுக்குப் பயன் இல்லை என்று தெரிந்தது. 1999-இல் வெளியான பதினைந்து ஆண்டு அறிக்கையும் அதனையே உறுதிசெய்தது. நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை இத்தடுப்பூசி காக்கவில்லை. சிறுவர்களிடம் 27 விழுக்காடு என்னும் சிற்றளவு காப்பே காணப்பட்டது.

பிரிட்டனில் காத்த ஊசி திருவள்ளூரில் ஏன் காக்கவில்லை? விளக்கங்கள் பல கூறப்பட்டன. அவற்றுள் நம் கருத்தை ஈர்ப்பது மண்ணைப் பற்றியது. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவினர் போன்ற சில கிருமிகள் வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் தீங்கின்றி வாழ்கின்றன. வயலிலும் ஏரியிலும் புழங்கும் நம் மக்களுக்கு இளமையிலேயே அவற்றோடு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. தடுப்பூசியால் பெறக்கூடிய காப்பில் ஒரு பகுதியை உடல் முன்னமே பெற்றுவிடுகிறது. எனவே ஊசி புதிதாகச் சேர்ப்பது சிறிதே என்பது அவ்விளக்கம். முற்றமுடிந்த முடிவு என்று இதனைக் கொள்வதற்கில்லை.

இதனால் பி.சி.ஜி. வீண் என்று எவரும் கருதிவிடலாகாது. கைக்குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்தும் உடல் முழுதும் பரவும் கொடிய காசநோயிலிருந்தும் அது காக்கிறது. பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுவதன் காரணம் இதுவே. இளமையில் போட்ட ஊசியின் தழும்பு தோளில் இருக்கிறது, இருமலைப் பற்றிக் கவலை இல்லை என்று பெரியவர்கள் இருந்துவிடுவதுதான் தவறு. அத்தழும்பு நாற்பது வயதில் கேடயம் ஆகாது என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் நம் ஊர் உழவர்களும் நெசவாளர்களும் அவர்தம் பிள்ளைகளுமே.

மாத்திரையின் வலிமைக்கும் இம்மாவட்டமே சான்று தந்தது. 1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூரின் ஒரு பகுதியில் 1999 முதல், பணியாளர் கண்காணிக்க மாத்திரை உண்ணும் முறை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நோயின் பரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்வந்த கணக்கெடுப்பில் மீண்டும் சற்றே ஏறியது. மருத்துவத்தை இடையில் கைவிட்டவர்களை ஆராய்ந்தபோது மதுப்பழக்கம் ஒரு முதன்மைக் காரணமாகத் தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி அறைகள்

இம்மாவட்டத்தின் வடகோடியில் உள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் இரும்பு உருக்கும் ஆலைகளும் வார்ப்பாலைகளும் மிகுதி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே உழைக்கின்றனர். வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஓர் அறையில் பலர் தங்குவர். பகல் ஷிப்ட் சென்றவர் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவர் படுப்பதும் உண்டு. கொசுவுக்கும் தூசிக்கும் அஞ்சிச் சன்னலை அடைத்துவிடுவர். பாயால் கேடில்லை, அடைத்த சன்னலால்தான் கேடு. வார்ப்பாலை மணலின் நுண்தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். அது வந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு பெருகும்.

இருமல் இரு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆனாலும் தொழிலாளி போவதில்லை. ஒரு நாள் கூலி போகும். மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலையே போகும். அறைத் தோழர்கள் வெளியே போகச் சொல்வர். நம் மாணவர் ஒருவரின் தந்தை இப்படி மறைத்தவர். மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை கூடியது. குணமாயிற்று என்றெண்ணி மாத்திரையை நிறுத்தினார். ஆண்டு திரும்புமுன் நோய் திரும்பியது. இம்முறை பழைய மாத்திரைக்கு அது கட்டுப்படவில்லை. மெழுகுப் போர்வைக்குள் எஞ்சியிருந்தவை, மருந்தைத் தாங்கப் பழகியவை, அவையே பெருகின. அவர் பிழைத்தார். அம்மாணவரின் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. வீட்டில் அவருக்கென்று தனித்தட்டும் தனிக்குவளையும் மட்டும் முதல் நாளிலிருந்தே தவறாமல் வைத்திருந்தனர்.

தட்டைப் பற்றி நம் சமுதாயப் பெரியவர்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம்மவரிடையே பல ஊர்களில் உள்ள மரபு. காசநோய் வந்தவர் என்று தெரிந்தால் அச்சஹனில் அவருக்கு இடம் இருப்பதில்லை. குணமடைந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் விலக்கி வைப்போர் உண்டு. அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரும் வரனும் தட்டிப்போகிறது. சஹனால் காசநோய் பரவுவதில்லை. மருந்து தொடங்கிச் சில வாரங்கள் வரை முகக்கவசம் அணிவதும், நெருங்கி அமர்வதைத் தவிர்ப்பதும் போதும். மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டபின் அவரால் எவருக்கும் அச்சமில்லை.

எல்லாம் விதிப்படி நடக்கும் என்பாரும் நம்மிடையே உண்டு. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு வாக்கில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் தோழர்களோடு கலந்து ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குச் செல்லலாகாது, அங்கிருப்போர் அதனை அஞ்சி வெளியேறலாகாது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையும் அப்போது நினைவூட்டப்பட்டது. பிற்காலத்தில் இப்னு சீனாவும் காசம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடியது என்று எழுதினார். முயற்சியை விடுவதற்கு விதியைக் காரணமாக்கும் வழக்கம் முன்னோர் வழக்கமன்று.

உணவும் இந்நோய்க்கு மருந்தாகும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள் வழங்கிப் பார்த்தபோது, அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. 2023-இல் இது வெளியாயிற்று. நடுவண் அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் அளித்துவந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் உறுதியானவுடனேயே எடை, மூச்சு, கால் வீக்கம், தாமாக நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்பட்டு, நலிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். 2025-க்குள் நோயை ஒழிப்போம் என்று நாடு இலக்கு வைத்தது. ஆயினும் உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியரே.

இடம்பெயரும் தொழிலாளிக்கு ஒரு வசதி உண்டு, பலர் அறியாதது. பதிவு இணையவழிப்படுத்தப்பட்டிருப்பதால், கும்மிடிப்பூண்டியில் தொடங்கிய மருந்தைத் தம் சொந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே தொடரலாம். பெருநாளுக்கோ சத் பூஜைக்கோ ஊர் செல்பவர், புறப்படுமுன் மருத்துவமனைப் பணியாளரிடம் சொல்லிவிட்டால் போதும். அங்கே மாத்திரை கிடைக்கும். இந்தி அறிந்த நம் மாணவர் சிலர் வாரந்தோறும் அப்பகுதியிலிருந்து ரயிலில் வந்து போகின்றனர். இச்செய்தியை ஒரு சீட்டில் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, அறைக் கதவுகளில் ஒட்டலாம். ஒட்டப் போகிறவர்கள் அப்படியே அந்தச் சன்னல்களையும் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு வரட்டும்.